கடைசி வரி தெரிந்தால் போதுமா?

கண்ணொளி காப்போம் திட்டத்துக்காகப் பள்ளியில் பார்வைப் பரிசோதனை நடக்கும் நாள் நமக்கெல்லாம் பழக்கமானது. சுவரில் எழுத்து அட்டையை மாட்டி, ஆறு மீட்டர் தள்ளிப் பிள்ளைகளை நிறுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வரி வரியாகப் படிக்கச் சொல்வோம். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு நாளில், பிள்ளைகள் எல்லோரும் முடித்துப் போன பிறகு, என்னுடன் பணியாற்றிய ஆசிரியை ஒருவர் விளையாட்டாகக் கோட்டில் வந்து நின்றார். அப்போது அவருக்கு நான்காம் மாதம். இரண்டாவது குழந்தை. ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. இரு கண்களாலும் தடுமாறாமல் படித்துவிட்டு, “கடைசி வரி வரைக்கும் தெரியுதுங்க டீச்சர், என் கண்ணுக்கு ஒண்ணுமில்லீங்க” என்று சிரித்தார். எங்களுக்கும் மகிழ்ச்சி.

ஆறாம் மாதத்தில் ஒரு மாலை, விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார். “வலது கண்ணுக்குள்ள கறுப்பா நூல் நூலா மிதக்குதுங்க” என்றார். அதற்கு நான் சொன்ன பதில் இன்றும் நினைவில் இருக்கிறது: “மாசமா இருந்தா அப்படித்தாங்க. பிள்ளை பொறந்தா சரியாயிடும்.”

அவரும் அதை நம்பினார். கண்ணாடிக் கடைக்குப் போய்ப் புதுக் கண்ணாடி மாற்றிக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து அந்தக் கண்ணில் புகை படிந்தது போல ஆனபோதுதான் கண் மருத்துவரிடம் போனார். விழித்திரையில் புதிதாக முளைத்திருந்த இரத்தக் குழாய் உடைந்து, கண்ணுக்குள்ளே இரத்தம் கசிந்திருந்தது. லேசர் சிகிச்சை அளித்தார்கள். குழந்தை நலமாகப் பிறந்தது. இடக்கண் தப்பியது. வலக்கண்ணில் எழுத்தைப் படிக்கும் பார்வை முழுதாகத் திரும்பவில்லை. இப்போதும் அவர் வருகைப் பதிவேட்டைச் சற்று இடப்பக்கமாக நகர்த்தி வைத்துத்தான் பெயர் வாசிக்கிறார். பெயரைக் குறிப்பிடாமல் இதை எழுத அவரே சம்மதம் தந்தார்.

நான் அன்று சொன்ன வாக்கியம் முழுப் பொய் இல்லை என்பதுதான் சிக்கல். கர்ப்பகாலத்தில் வரும் ஒருவகைப் பார்வை மங்கல், பிள்ளை பிறந்ததும் தானே சரியாகிவிடும். வேறு இரண்டு வகைகளுக்கு அந்த வாக்கியம் பொருந்தாது. அவற்றில் ஒன்று வெகுகாலம் மங்கலாகவே தெரியாது. மற்றொன்றுக்கு ஒரு நாள்கூடக் காத்திருக்க முடியாது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், ஆசிரியர் அறையிலும் பெற்றோர் கூட்டத்திலும் நாம் சொல்லும் ஒரு சொல் ஒருவரின் பார்வையைக் காப்பாற்றும்.

தானே சரியாகும் மங்கல்

பத்தாம் வகுப்பு ஒளியியல் பாடத்தில் கண்ணின் அமைப்பைப் படம் வரைந்து நடத்துகிறோம். முன்னால் கார்னியா, அதன் பின்னே லென்சு, கடைசியில் பிம்பம் விழும் விழித்திரை. கார்னியாவும் லென்சும் சேர்ந்துதான் ஒளியை வளைத்து விழித்திரையில் குவிக்கின்றன. இவற்றின் வடிவம் சிறிது மாறினாலும் பிம்பம் தெளிவிழந்துவிடும்.

கர்ப்பகாலத்தில் உடலில் நீர் தங்குவதால் கால் வீங்குவதைப் பார்த்திருக்கிறோம். அதே காரணத்தால் கார்னியாவும் இலேசாகத் தடித்து, அதன் வளைவு மாறலாம். கண் உலர்ந்து உறுத்தலாம். கான்டாக்ட் லென்சு அணிபவர்களுக்கு அது பொருந்தாமல் போகலாம். இவை நீரிழிவு இல்லாத பெண்களுக்கும் வருபவை.

நீரிழிவு உள்ளவர்களுக்கு லென்சிலும் மாற்றம் நிகழ்கிறது. இரத்தத்தில் சர்க்கரை கூடும்போது லென்சு நீரை இழுத்துக்கொண்டு உப்புகிறது. அப்போது பெரும்பாலும் தூரத்துப் பொருள்கள் மங்கும். இன்சுலின் தொடங்கிச் சர்க்கரை வேகமாக இறங்கும்போது லென்சு மீண்டும் சுருங்குகிறது. அப்போது கிட்டத்து எழுத்து மங்கலாம். கரும்பலகை நேற்றுத் தெளிவாகத் தெரிந்தது, இன்று தெரியவில்லை என்ற குழப்பம் இதனால்தான். சர்க்கரை நிலையாகச் சில வாரங்கள் இருந்தால் லென்சும் நிலைபெற்றுவிடும். கார்னியா மாற்றம் பிரசவம் முடிந்து சில வாரங்களிலோ சில மாதங்களிலோ மறைந்துவிடும்.

ஆகவே, கர்ப்பகாலத்தில் அவசரப்பட்டுப் புதுக் கண்ணாடி வாங்க வேண்டியதில்லை. இன்று எடுக்கும் பவர் மூன்று மாதத்தில் பொருந்தாமல் போகலாம். வேலையே செய்ய முடியாத அளவுக்கு மங்கினால் மட்டும் மருத்துவர் ஆலோசனையுடன் தற்காலிகமாக ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒரு மங்கல் இந்த வகையா என்பதை நாமே முடிவு செய்யக் கூடாது. சர்க்கரை நோய் உள்ள பெண்ணுக்கு, விழித்திரையைப் பார்த்த பிறகுதான் ‘தானே சரியாகும்’ என்று சொல்ல வேண்டும். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது விழித்திரைப் பரிசோதனை ஆகாது.

தெரியாமலே வளரும் பாதிப்பு

விழித்திரை என்பது பிம்பத்தை உணரும் நரம்புப் படலம். அதற்கு உணவு கொண்டு செல்பவை முடியைவிட மெல்லிய இரத்தக் குழாய்கள். நம் பக்கத்து வயல்களில் மரவள்ளிக்கும் மஞ்சளுக்கும் போடும் சொட்டுநீர்க் குழாயை எண்ணிப் பாருங்கள். பல ஆண்டு வெயிலில் கிடந்த குழாய் அங்கங்கே தளர்ந்து, புடைத்து, கசியத் தொடங்கும். சில இடங்களில் அடைத்துக்கொள்ளும். ஆண்டுக்கணக்காக உயர்ந்த சர்க்கரை விழித்திரைக் குழாய்களுக்குச் செய்வதும் ஏறக்குறைய இதுதான். முதலில் குழாய்ச் சுவரில் சிறு புடைப்புகள் தோன்றும். பின் இரத்தப் புள்ளிகளும் கொழுப்புக் கசிவும் வரும். அடைப்பு மிகுந்து ஒரு பகுதிக்கு உயிர்வளி கிடைக்காமல் போனால், அதை ஈடுகட்டப் புதுக் குழாய்கள் முளைக்கும். இவை மிகவும் மெலிந்தவை; எளிதில் உடைந்து கண்ணுக்குள் இரத்தம் கசியும். சில வேளைகளில் அவற்றோடு வளரும் தழும்பு விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும். இதைத்தான் நீரிழிவு விழித்திரை நோய், டயாபடிக் ரெட்டினோபதி என்கிறார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எழுத்தைப் படிக்க உதவுவது விழித்திரையின் நடுவே உள்ள மாகுலா என்ற சிறு பகுதி. சுற்றுப்புறம் எவ்வளவு சேதமடைந்தாலும், மாகுலா தப்பியிருக்கும் வரை எழுத்து அட்டையின் கடைசி வரி தெரியும். வலி இருக்காது. சிவப்பும் இருக்காது. அட்டை அளப்பது பார்வையின் கூர்மையை மட்டுமே. எங்கள் ஆசிரியை அன்று கோட்டில் நின்று படித்தபோதே அவருடைய விழித்திரையில் நோய் இருந்திருக்க வேண்டும் என்று மருத்துவர் பின்னர் சொன்னார்.

கர்ப்பகாலம் இந்த நோயை ஏன் விரைவுபடுத்துகிறது? தாயின் உடலில் இரத்தத்தின் அளவு சுமார் 40 முதல் 50 விழுக்காடு வரை கூடுகிறது. இதயம் அதிக இரத்தத்தைத் தள்ளுகிறது. தளர்ந்த சொட்டுநீர்க் குழாயில் மோட்டாரின் வேகத்தைக் கூட்டினால் என்ன ஆகும்? ஹார்மோன் மாற்றங்களும் சேர்ந்துகொள்கின்றன. இரத்த அழுத்தம் உயர்ந்தாலும், இரத்தச் சோகை இருந்தாலும் ஆபத்து கூடும். நெடுநாள் உயர்ந்திருந்த சர்க்கரையைக் குழந்தையின் நலனுக்காகச் சில வாரங்களில் வேகமாகக் குறைக்கும்போதும் விழித்திரை நோய் சிறிது காலத்துக்கு மோசமாகலாம்.

இதைப் படித்துவிட்டு யாரும் சர்க்கரையைக் குறைக்கத் தயங்கிவிடக் கூடாது. கட்டுப்பாடற்ற சர்க்கரையால் கருச்சிதைவு, குழந்தைக்கு உறுப்புக் குறைபாடு, பிரசவச் சிக்கல் எல்லாம் வரக்கூடும். நெடுங்காலப் போக்கில் கண்ணைக் காப்பதும் சர்க்கரைக் கட்டுப்பாடுதான். எனவே சர்க்கரையைக் குறைக்க வேண்டும்; குறைக்கும்போது கண்ணையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் நடந்து 1995இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. நீரிழிவுள்ள கர்ப்பிணிகளைத் தொடக்கம் முதல் பிரசவத்துக்குப் பின் வரை பின்தொடர்ந்தார்கள். தொடக்கத்தில் விழித்திரை நோயே இல்லாதவர்களில் பத்தில் ஒருவருக்கு மட்டுமே புதிதாகப் பாதிப்பு தோன்றியது. ஏற்கெனவே நடுத்தர அளவு அல்லது அதற்கு மேல் பாதிப்பு இருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நோய் முற்றியது. கர்ப்பகாலம் எப்படிப் போகும் என்பதை அதன் தொடக்கத்தில் விழித்திரை இருந்த நிலை பெரிதும் தீர்மானிக்கிறது. முதல் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

காத்திருக்க முடியாத மங்கல்

மூன்றாவது வகை இரத்த அழுத்தத்தால் வருவது. கர்ப்பத்தின் 20 வாரங்களுக்குப் பிறகு இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் போய், சிறுநீரில் புரதம் வெளியேறுவது, கல்லீரலோ சிறுநீரகமோ பாதிக்கப்படுவது போன்றவை சேர்ந்துகொண்டால் அதைப் பிரீ எக்ளாம்ப்சியா என்கிறார்கள். இது வலிப்பில் கொண்டுபோய் விடலாம். தாய், சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து. நீரிழிவு உள்ள பெண்களுக்கு இது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

இதன் எச்சரிக்கைகளில் சில கண்ணில்தான் தெரியும். கண்முன் மின்னல் போல ஒளி அடிப்பது, பொறி பறப்பது, திடீரென மங்குவது, ஒரு பொருள் இரண்டாகத் தெரிவது, சிறிது நேரம் பார்வையே இல்லாமல் போவது ஆகியவை அவை. கூடவே கடும் தலைவலி, மேல்வயிற்று வலி, முகமும் கையும் வீங்குதல் இருக்கலாம். “வெயில்ல வந்தது, கொஞ்சம் படுத்தா சரியாயிடும்” என்று ஓய்வறையில் படுக்க வைத்துவிடக் கூடாது. உடனே 108க்கு அழைத்து, பிரசவம் பார்க்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். பிரசவமான பிறகும் ஆறு வாரங்கள் வரை இந்த ஆபத்து உண்டு என்பதால், விடுப்பில் வீட்டில் இருப்பவரும் அவர் குடும்பமும் இதை அறிந்திருக்க வேண்டும்.

சர்க்கரை நோய் எப்போது வந்தது?

‘கர்ப்பகால நீரிழிவு’ என்ற சொல்லை இரண்டு நிலைகளுக்கும் பொதுவாகப் பயன்படுத்திக் குழப்பிக்கொள்கிறோம். ஏற்கெனவே நீரிழிவு உள்ள பெண் கருவுறுவது ஒன்று. கருவுற்ற பின், பெரும்பாலும் பாதி மாதங்களுக்குப் பிறகு, முதன்முறையாகச் சர்க்கரை கூடுவது மற்றொன்று. விழித்திரை பாதிக்கப்பட ஆண்டுகள் ஆகும் என்பதால், இரண்டாவது வகையினருக்குக் கண்ணில் பாதிப்பு இருப்பது அரிது.

ஆனால் முதல் மூன்று மாதத்திலேயே சர்க்கரை மிக அதிகமாகத் தெரிந்தால், அது முன்பே இருந்து இதுவரை கண்டுபிடிக்கப்படாத நீரிழிவாக இருக்கலாம். அவர்களும் உடனே விழித்திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சர்க்கரையைக் கண்டுபிடிப்பதில் நம் மாநிலம் முன்னோடி. கர்ப்பிணிகள் அனைவருக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்பதைத் தமிழ்நாடு அரசு 2007இல் கட்டாயமாக்கியது. அதற்குப் பின்னால் இருந்தவர் சென்னையைச் சேர்ந்த நீரிழிவு மருத்துவர் வீ. சேஷய்யா, 2022இல் பத்மஸ்ரீ பெற்றவர். சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு இரத்தப் பரிசோதனை எடுப்பது அவர் வலியுறுத்திய முறை. 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகால நீரிழிவு. வெறும் வயிற்றோடு தொலைவிலிருந்து பேருந்தில் வர வேண்டிய கிராமத்துப் பெண்ணுக்கு இது எவ்வளவு வசதி என்பது நமக்குப் புரியும். முதல் வருகையில் ஒருமுறையும் 24 முதல் 28 வாரங்களுக்குள் மறுமுறையும் இதைச் செய்ய வேண்டும்.

ஆக, ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைப் பரிசோதனை நாம் கேட்காமலே நடக்கிறது. விழித்திரைப் பரிசோதனையை நாம்தான் நினைவில் வைத்துக் கேட்க வேண்டியிருக்கும்.

எப்போது, எப்படிப் பார்ப்பது?

நீரிழிவு உள்ள பெண், குழந்தை பெற எண்ணும்போதே ஒருமுறை விழித்திரையைப் பார்த்துக்கொள்வது சிறந்தது. லேசர் தேவைப்பட்டால் அப்போதே முடித்துவிடலாம். சர்க்கரையையும் அவசரமில்லாமல் படிப்படியாகக் குறைக்கலாம். கருவுற்றதும் முதல் மூன்று மாதத்துக்குள் ஒருமுறை; பாதிப்பின் அளவைப் பொறுத்து அடுத்த ஒவ்வொரு மூன்று மாதத்திலும், தேவைப்பட்டால் அதைவிட அடிக்கடி; பிரசவத்துக்குப் பின் ஓராண்டு வரை மருத்துவர் சொல்லும் இடைவெளியில்.

சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கண் பிரிவு இருக்கிறது. கர்ப்பிணி என்பதையும், எத்தனை ஆண்டுகளாகச் சர்க்கரை இருக்கிறது என்பதையும் சீட்டு பதியும்போதே சொல்லிவிட வேண்டும்.

கண்மணி விரிய மருந்து ஊற்றிப் பார்ப்பார்கள். சில மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்டத்து எழுத்து தெரியாது. ஸ்கூட்டியில் தனியாகப் போகாமல் துணையோடு போங்கள்; அன்று விடைத்தாள் கட்டை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். லேசர் சிகிச்சையைக் கர்ப்பகாலத்திலும் செய்யலாம், குழந்தைக்குத் தீங்கில்லை. கண்ணுக்குள் போடும் சில ஊசி மருந்துகளைக் கர்ப்பகாலத்தில் பொதுவாகத் தவிர்ப்பார்கள். அதனால்தான் கர்ப்பிணி என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

விழித்திரை நோய் இருப்பதாலேயே அறுவைப் பிரசவம்தான் என்று பயப்படத் தேவையில்லை. கண் மருத்துவரின் குறிப்பைப் பிரசவம் பார்க்கும் மருத்துவரிடம் காட்டினால் இருவரும் கலந்து முடிவு செய்வார்கள்.

உணவில் ஒரு சிறு குறிப்பு. நம் பகுதியில் கர்ப்பிணிக்குச் சூடு தணிய ஜவ்வரிசிக் கஞ்சி கொடுக்கும் வழக்கம் உண்டு. ஜவ்வரிசி ஏறத்தாழ முழுக்க மாவுச்சத்து; சர்க்கரையை வேகமாக ஏற்றும். நாமக்கல்லில் கிடைக்கும் அவித்த முட்டையும், சுண்டலும் கீரையும் அவர்களுக்குப் பொருத்தமானவை.

அரசுப் பணியில் உள்ள ஆசிரியைகளுக்கு 2021 ஜூலை முதல் மகப்பேறு விடுப்பு ஓராண்டு. பிரசவத்துக்குப் பின் கண்ணைக் கண்காணிக்க வேண்டிய காலமும் ஏறத்தாழ அதே ஓராண்டுதான். தடுப்பூசித் தேதிகளை எழுதி வைக்கும் அதே புத்தகத்தில் தாயின் கண் பரிசோதனைத் தேதியையும் எழுதி வைக்கலாம். கர்ப்பகாலத்தில் மட்டும் சர்க்கரை வந்தவர்கள் பிரசவமாகி ஆறு வாரத்தில் மறுபடி சர்க்கரை பார்க்க வேண்டும். அவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். இது பெரும்பாலும் மறந்துபோகிற பரிசோதனை. குழந்தையின் ஊசிக்குப் போகும் அதே நாளில் கேட்டுப் பார்த்துவிடலாம்.

நாம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

நாம் மருத்துவர்கள் இல்லை. ஆனால் பள்ளிபாளையத்தில் தறி ஓட்டும் அம்மாவும், இளம்பிள்ளையில் நூலிழை பிரிக்கும் அக்காவும், கண்ணில் ஏதோ மங்குகிறது என்று முதலில் சொல்வது சில நேரம் பிள்ளையின் டீச்சரிடம்தான். ஆசிரியர் அறையிலும் அப்படியே. அப்போது மூன்று கேள்விகள் கேட்டால் போதும்.

ஒன்று: தலைவலி, மின்னல் போல ஒளி, முக வீக்கம், திடீர் மங்கல் உண்டா? இருந்தால் இப்போதே மருத்துவமனை.

இரண்டு: கறுப்பு நூல், புள்ளி, புகை, திரை விழுந்தது போலத் தெரிகிறதா? தெரிந்தால் அன்றே கண் மருத்துவர்.

மூன்று: சர்க்கரை இருக்கிறதா, விழித்திரையைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? சர்க்கரை இருந்து, பார்த்ததே இல்லை என்றால், பார்வை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் இந்த வாரமே ஒரு பரிசோதனை.

சென்ற ஆண்டு எங்கள் பள்ளியில் மீண்டும் எழுத்து அட்டையை மாட்டினோம். புதிதாகப் பணிக்கு வந்த இளம் ஆசிரியை ஒருவர் கடைசி வரியைப் படித்துவிட்டுத் திரும்பினார். அவருக்கு மூன்றாம் மாதம். சர்க்கரைக்கு மாத்திரை எடுத்துவந்தவர். பதிவேட்டை இடப்பக்கம் வைத்துப் படிக்கும் எங்கள் ஆசிரியைதான் அவரைக் கூப்பிட்டார். “வரி தெரியுறது சரிங்க கண்ணு. மருந்து ஊத்திப் பார்த்தாச்சா?” என்றார். அந்தச் சனிக்கிழமையே இருவரும் சேர்ந்து பேருந்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.